மேற்கு மண்டலத்துல ஐஸ் ஹாக்கியை வளத்தவன்

அந்த ஜன்னலைச் சித்த சாத்துங்க தம்பி. காத்து நேரா காதுக்குள்ள போகுது. எனக்குக் குளிர் ஆகாதுங்க, சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். போதுமுங்க, அவ்வளவு சாத்தினாப் போதும்.

கோயமுத்தூருங்களா நீங்க? நான் அவினாசில எறங்கி மேட்டுப்பாளையம் போகோணும். சென்னியப்பன்னு பேரு. மேட்டுப்பாளையத்துல கோல்ட் ஸ்டோரேஜ் வெச்சிருக்கறனுங்க. உருளைக்கெழங்கு, கேரட்டு, பூண்டு எல்லாம் நம்ம கோடவுன்லதான் தூங்கும். அதுபோக, இன்னிக்குக் காத்தால வரைக்கும் மேற்கு மண்டல ஐஸ் ஹாக்கி சங்கத்துக்குச் செயலாளர். இப்ப நான் ஒண்ணும் இல்லீங்க. சும்மா பஸ்ஸுல போற ஆளு.

சிரிக்காதீங்க. ஐஸ் ஹாக்கின்னதும் எல்லாரும் சிரிக்கறாங்க. ஊட்டிலயே ஐஸ் இல்லை, மேட்டுப்பாளையத்துக்கு எங்கிருந்து வந்துச்சும்பாங்க. அதுவும் பெண்கள் ஐஸ் ஹாக்கி. இந்தப் பக்கத்துல பெண்கள் ஐஸ் ஹாக்கியை வளத்தது யாருன்னு யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க, சென்னியப்பன்னுதான் சொல்லுவாங்க. அப்படி வளத்தவனைத்தான் இன்னிக்கு சேலத்துல ஒரு ஓட்டல் ஹால்ல வெச்சு, எட்டுப் பொம்பளைங்க சேர்ந்து கரிவேப்பிலையாட்டம் எடுத்து எலையோரம் போட்டுட்டாளுங்க. எட்டு இல்லீங்க, ஏழு. ஒண்ணு எங்கூட்டுக்காரி பருவதம். அவளை அதுல சேர்க்கப்படாது.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும். சங்ககிரியே இன்னும் வரலை, நேரம் இருக்குது.

நாலஞ்சு வருசத்துக்கு முன்னால வெதைக்கெழங்கு வாங்கறதுக்கு சிம்லாப் பக்கம் போயிருந்தனுங்க. அங்க ஒரு எடத்துல தண்ணி உறைஞ்சு கெடக்குது. அதுமேல பசங்க, கத்தி வெச்ச பூட்ஸைப் போட்டுட்டு, கையில மட்டையோட, ஒரு கறுப்பு வில்லையைத் தொரத்தீட்டு வழுக்கறானுக. கூட வந்த மண்டிக்காரர் சொன்னாரு, இதுக்குச் சங்கம் இருக்குது, மாநிலத்துக்கு ஒண்ணு இருக்குதுன்னு. தமிழ்நாட்டுக்குன்னு கேட்டேன். மெட்ராஸ்ல இருக்குதாம். எங்க பக்கத்துக்குன்னு கேட்டேன். இல்லையாம். அதுக்கப்புறம் கெழங்கு வெலை பேசறதுல எனக்கு மனசே போகலைங்க.

ஏன்னா நான் கபடிச் சங்கத்துல நின்னு தோத்தவன். கைப்பந்துல நின்னேன், அங்கயும் அதே கதை. எந்தச் சங்கத்துக்குப் போனாலும் எவனாச்சும் முன்னாலயே நாற்காலில உக்காந்திருக்கறான். ஐஸ் ஹாக்கிலதான் நாற்காலி காலியாக் கெடந்துச்சு. விடுவனா? ஊருக்கு வந்த கையோட நம்ம சிநேகிதங்களைக் கூப்பிட்டு ஏழு ஊருக்கு ஏழு கிளப் ஆரம்பிச்சுட்டேன், மேட்டுப்பாளையம் கிளப்புக்கு நானே. எல்லாம் மண்டிக்காரங்க, லாரிக்காரங்க. பொள்ளாச்சி கிளப்புக்கு நாச்சிமுத்து. தேங்கா யாவாரி. என்கூட ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவன், என்ர கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழன் அவன்தான்.

வெளையாடினாங்களான்னு கேக்கறீங்க. கேப்பீங்கன்னு தெரியும். ஐஸ் இருந்தாத்தானுங்களே வெளையாட? பின்னால ஐஸ் வந்தப்ப ஒரு நாள் எல்லாரும் வந்தாங்க. நாச்சிமுத்து காலை வெச்சான், மல்லாக்க விழுந்தான், எந்திரிச்சு டீ குடிக்கப் போயிட்டான். மத்தவங்களும் கூடவே போயிட்டாங்க. ஆனா வருசக் கூட்டத்துக்கு ஒருத்தரும் தவற மாட்டாங்க. ஒழுக்கமுன்னா அது.

அப்படி ஒழுங்காப் போயிட்டிருந்தப்பத்தான் மெட்ராஸ்ல இருந்து சொல்லி விட்டாங்க, பெண்கள் பிரிவு இல்லாத மண்டலத்துக்கு அங்கீகாரம் கெடையாதுன்னு. மொதல்ல எனக்குக் கோவந்தான் வந்துச்சு. ஆம்பளைங்களே நிக்க முடியாத எடத்துல பொம்பளைங்க என்ன பண்ணுவாங்க? அப்பறம் நிதானமா ரோசனை பண்ணினேன். பெண்கள் கிளப்புக்கும் ஒரு ஓட்டு உண்டு. எட்டுக் கிளப் ஆரம்பிச்சா எட்டு ஓட்டு. ஏற்கெனவே கையில ஏழு. இத்தனையும் நம்மகிட்ட இருந்தா எவன் எதுத்து நிப்பான்?

தம்பி, நீங்க எதாச்சும் சங்கத்துல இருந்திருக்கறீங்களா? அப்ப உங்களுக்குப் புரியாதுங்க. வெளையாட்டை வளக்கறதுன்னா கிளப்பை வளக்கறது. கிளப்பை வளக்கறதுன்னா ஓட்டை வளக்கறது. இதைத்தான் நான் பெண்களுக்குப் பண்ணினேன். வேற எவன் பண்ணினான்?

எட்டுப் பேரைப் பிடிச்சேன். காரமடைல ஒரு டீச்சர். சிறுமுகைல சேலைக்கடை வெச்சிருக்கற பொண்ணு. மத்ததெல்லாம் மண்டி ஆளுகளோட சம்சாரம், தங்கச்சின்னு. மேட்டுப்பாளையத்துக்குப் பருவதத்தோட பேரைப் போட்டேன். அன்னூருக்கு மட்டும் ஆளு சிக்கலை. அப்பத்தான் சௌடேஸ்வரின்னு ஒருத்தி வந்தா. அன்னூர்ல பொம்பளைங்களுக்கு ஸ்கூட்டர் பழக்கிக் குடுக்கறவ. எங்க கோடவுன் முன்னால காலி எடம் கெடக்குதல்லங்க, அதுல எட்டுப் போட்டுப் பழக்கிக்கறேன்னு கேட்டு வந்தா. சரி, பழக்கிக்கம்மிணி, அன்னூர் கிளப்புக்குத் தலைவியா இருன்னேன். என்ன கிளப்புன்னு கூட அவ கேக்கலை. அப்படி வந்தவதானுங்க. எடத்தைக் குடுத்தவனே நானு. இன்னிக்கு அவதான் செயலாளரு.

எட்டுப் பேருகிட்டயும் தெளிவாச் சொன்னேன், இது சும்மா பேருக்குத்தான், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், கூட்டத்தன்னிக்கு வந்து சீட்டுப் போட்டுட்டுச் சாப்பிட்டுட்டுப் போங்கன்னு. யாராவது இவ்வளவு மரியாதையாச் சொல்லுவாங்களா?

கெட்ட நேரம், மெட்ராஸ்காரங்க நேர்ல வந்து பாக்கறமுன்னுட்டாங்க. பெண்கள் ஐஸ் மேல நிக்கறதை அவங்க கண்ணால பாக்கோணுமாம். நம்ம கோடவுன்ல பெரிய ரூம் ஒண்ணு ஐஸ்கிரீம் கம்பெனிக்கு விட்டிருந்தேன், அவங்க காலி பண்ணீட்டுப் போன நேரம். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹால் அளவு இருக்குமுங்க. அதுல ஐஸ் போட்டேன். நான்தான் போட்டேன். குழாயைத் தொறந்து தண்ணியை விட்டேன். மேல மட்டும் தோல் கட்டி நிக்குது, காலை வெச்சாப் பொதுக்குனு உள்ள போகுது. மெஷின் பாக்கற மயில்சாமியைத் திட்டினேன். அவன் மெஷின் மேல பழியைப் போடறான். அப்பப் பருவதம் ஒரு வாளியைத் தூக்கீட்டு உள்ள போனா. வாசல் தெளிக்கற மாதிரி கையில அள்ளித் தெளிச்சா. காயட்டுமுன்னு வெளிய வந்தா, மறுக்காப் போய்த் தெளிச்சா. அப்படியே ஒரு வாரம் தெளிச்சுட்டே கெடந்தா. ஐஸு கண்ணாடியாட்டம் வந்துருச்சு. நான் ஐஸ் போட்டதைப் பேப்பர்ல கூட எழுதியிருந்தாங்க.

பூட்ஸ் டெல்லில மூட்டையா வாங்கினது. அத்தனையும் ஆம்பளை அளவு. பொம்பளைங்க பழைய சேலையைக் கிழிச்சு உள்ள திணிச்சுக் கட்டிக்கிட்டாங்க. மெட்ராஸ்காரங்க வந்தாங்க, எட்டுப் பேரும் செவுத்தைப் பிடிச்சுட்டு நின்னாங்க, போட்டோ எடுத்தாங்க, டீ குடிச்சாங்க, போயிட்டாங்க. வேலை முடிஞ்சுது. நான் போய், சரி அம்மிணிகளா, பூட்ஸைக் கழட்டுங்க, வேன் நிக்குதுன்னேன். ஒருத்தியும் கழட்டலைங்க.

ஒருத்தி செவுத்தை விட்டா. விழுந்தா. சிரிச்சா. அவளைத் தூக்கப் போனவ அவமேலயே விழுந்தா. அந்த டீச்சரு, காரமடைல பிரம்போட நடக்கற டீச்சருங்க, குப்புற விழுந்து கெடந்துட்டு மூச்சு முட்டச் சிரிக்குது. வெளிய டிரைவர் ஹாரன் அடிச்சுட்டே இருக்கறான். எனக்கு உள்ள நிக்க முடியலை, பல்லு கிட்டிக்குது. கடேசில அந்தச் சௌடேஸ்வரி கேட்டா, அண்ணா, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டுமுங்களா, நாளைக்கு வரப்படாதுங்களான்னு. கதவைச் சாத்தினாப் போதுமுன்னு இருந்துச்சு எனக்கு. வந்துட்டுப் போங்கன்னுட்டேன். அந்த ஒரு வார்த்தைலதானுங்க என்ர தலையில மண்ணு விழுந்தது.

வந்தாளுங்க. வாரத்துல ரெண்டு நாளு, அப்பறம் மூணு நாளு. ஆளுக்கு ரெண்டு பேரைக் கூட்டீட்டு வந்தாளுங்க. சேலைக்கடைப் பொண்ணு அது கடைல வேலை செய்யற புள்ளைங்களைக் கூட்டீட்டு வந்துச்சு. டீச்சரு பள்ளிக்கூடத்துல பாதியைக் கூட்டீட்டு வந்துச்சு. சௌடேஸ்வரிகிட்ட ஸ்கூட்டர் பழக வந்தவளுக எல்லாம் வெளிய எட்டுப் போட்டுட்டு உள்ள ஐஸ் மேல போறாளுங்க. பேருக்கு ஆரம்பிச்ச கிளப்பு ஒவ்வொண்ணுலயும் நெசமாவே ஆளு சேர்ந்துருச்சு. இதென்ன கூத்துங்க? நான் யாரையாச்சும் சேர்க்கச் சொன்னனா?

அந்தச் சௌடேஸ்வரி ஐஸ் மேல பழக்கற லட்சணத்தைக் கேளுங்க. மொதல் நாளு ஓடவே விட மாட்டா. விழுகத்தான் சொல்லிக் குடுப்பா. முட்டியை மடக்கி, கையைச் சுருட்டி, பக்கவாட்டுல விழுகோணுமாம். விழறதுக்கு ஒரு கிளாஸு! பொம்பளைங்க விழாம இருக்கறதுக்குத்தான் நம்ம ஆளுக ஆயிரம் சொல்லிக் குடுக்கறாங்க, இவ உக்கார வெச்சு விழுகச் சொல்லித் தர்றா. இதையும் மயில்சாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் உள்ள போய் நின்னதே இல்லைங்க. அந்தக் குளிர்ல எவன் நிப்பான்?

சங்ககிரி வந்துருச்சா? டீக்கு நிறுத்துவானுங்களா? மாட்டான். இவனுக எங்க நிறுத்தறானுக.

போன வருசம் வடக்க மலைல போட்டி நடந்துச்சுங்க. மெட்ராஸ்ல இருந்து ஒரு டீம் போகோணும், அங்க ஆளு பத்தலை, உங்க மண்டலத்துல இருந்தே அனுப்புங்கன்னுட்டாங்க. நான்தான் மேனேஜரு. ஆனா அந்தக் குளிருக்கு நான் போனா பொணமாத்தான் வருவேன். அதனால பேருக்குப் பருவதத்தை மேனேஜரா அனுப்பி வெச்சேன். பழனி, திருப்பதி தவிர எங்கயும் போகாதவ. இவளுக என்ன பேசறாங்க, எனக்கு எதிரா எதாச்சும் பண்றாங்களான்னு பாத்துட்டு வான்னு சொல்லித்தான் அனுப்பினேன்.

அங்க என்ன ஆச்சு தெரியுங்களா? நம்ம ரூமு சின்னதல்லங்க. அந்தச் செவுத்துக்கு முட்டாம இருக்கறதுக்கு, ரூம் நீளம் ஓடினதும் வளைஞ்சு திரும்பிப் பழகிட்டாளுங்க. அங்க மைதானம் பெருசு. இவளுக வில்லையைத் தள்ளீட்டு நல்லா ஓடுவாளாம், பாதி மைதானம் வந்ததும் எதுர்ல செவுரு இருக்கற மாதிரி டக்குனு திரும்பி வந்துருவாளாம். அத்தனை பேருமே. கோலு அந்தப் பக்கம் ஆள் இல்லாம நிக்குது, இவளுக இந்தப் பக்கம் வர்றாளுங்க. பாத்தவனெல்லாம் வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிச்சிருக்கறான். பதினொண்ணுக்கு சைபர். அடுத்த ஆட்டம் ஒம்பதுக்கு சைபர். கடேசி ஆட்டத்துலதான் ஒருத்தி திரும்பாம நேராப் போய் ஒரு கோல் போட்டாளாம். யாரு போட்டான்னு நானும் கேக்கலை, எங்கூட்டுக்காரியும் சொல்லலை. ஒரு கோலுக்கு என்னத்தைக் கேக்கறது?

வந்தவ உதடெல்லாம் வெடிச்சு, மூக்கு நுனி கறுத்துப் போய் வந்தா. வந்து சமையக்கட்டுல தானாச் சிரிச்சுட்டு இருந்தா. என்ன பேசினாங்கன்னு கேட்டேன். ஒண்ணும் பேசலைங்க, நல்லா வெளையாடினோமுன்னா. வெளையாடினோமுன்னு சொன்னாளுங்க. மேனேஜரா அனுப்பினவ. சரி, கூட்டத்தோட இருந்துட்டு வந்ததுல அப்படிப் பேச்சு வந்துருச்சுன்னு விட்டுட்டேன்.

திரும்பி வந்த பொறகுதான் இவளுகளுக்குக் கொழுப்பு ஏறிப் போச்சு. கால் அளவுக்குப் பூட்ஸ் வேணுமாம். தெனமும் ரூமு வேணுமாம். இந்த ரூமுக்கும் பக்கத்து ரூமுக்கும் நடுவுல இருக்கற செவுத்தை இடிச்சுப் பெருசாக்கோணுமாம். இடிக்கறதா? கெழங்கை எங்க வெக்கறது, அவளுக தலைமேலயா? நான் பெரிய மனசு பண்ணி ஒரு பாராட்டு விழா வெச்சேன். பஸ் ஸ்டாண்டுல இருந்து கோடவுன் வரைக்கும் பேனர். ‘பெண்கள் ஐஸ் ஹாக்கியின் தந்தை’ன்னு என்ர படம். கீழ வரிசையா அவளுக படமும் இருந்துச்சுங்க, இல்லாம இல்லை. ஸ்டாம்பு அளவுல இருந்துச்சுன்னு பேசிக்கிட்டாளுங்களாம். பேனர்ல எடம் எவ்வளவு இருக்கும், நீங்களே சொல்லுங்க.

அந்த ஐஸ்கிரீம் கம்பெனி மறுபடியும் ரூமைக் கேட்டாங்க. சரி, அடுத்த மாசத்துல இருந்து எடுத்துக்கங்கன்னேன். என்ர ரூமு, நான் குடுக்கறேன். அதுக்குத்தான் இத்தனை ஆட்டமும்.

தேர்தலுக்கு முன்னால அந்தச் சௌடேஸ்வரி ஊட்டுக்கு வந்தா. பருவதம் காபி குடுத்தா. அவ காபியைத் தொடவே இல்லை, என்னையே பாத்துச் சொன்னா: “அண்ணா, உங்களை எதுத்து நிக்கோணும்னு எங்களுக்கு ஆசையில்லைங்க. ரூமைக் குடுக்கறதில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் நிக்கலை.”

ஸ்கூட்டர் பழக்கறவ எனக்கு நிபந்தனை போடறா. என்ர ஊட்டு சோபால உக்காந்துட்டு. நான் சொன்னேன், நில்லம்மிணி, நின்னு பாரு, செயலாளர் ஆயிட்டா ஐஸு ஓடி வந்துருமா, ஐஸு என்ர கோடவுன்ல இருக்குதுன்னு. அவ பருவதத்தைப் பாத்தா. பருவதம் காபி டம்ளரை எடுத்துட்டு உள்ள போயிட்டா.

இன்னிக்கு சேலத்துல நடந்ததைக் கேளுங்க. மத்த ஆம்பளைக் கிளப்பு ஆறு பேரையும் காத்தாலயே ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டீட்டுப் போய், வயிறு நெறைய இட்லி வாங்கிக் குடுத்து, ஒவ்வொருத்தன்கிட்டயும் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினேன். என்னையும் சேர்த்து ஏழு. பருவதத்தோட எட்டு. மத்த ஏழு பொம்பளைங்களும் சௌடேஸ்வரிக்கே போட்டாலும் எட்டுக்கு ஏழு, நான் ஜெயிச்சாச்சு. மாலை கூடச் சொல்லி வெச்சிருந்தேன். ரோசாப்பூ மாலை, நல்ல கனம்.

சீட்டை எண்ணினாங்க. எனக்கு ஏழு. அவளுக்கு எட்டு.

என்ர காதுல ஒண்ணும் விழலைங்க. பொம்பளைங்க கை தட்டறது மட்டும் தெரியுது. மாலைக்காரன் விசயம் தெரியாம உள்ள வந்து, செயலாளர் யாருங்கன்னு கேக்கறான். நான் சொல்லி வெச்ச மாலையை அவ கழுத்துல போட்டாங்க. அதை நான் கண்ணால பாத்தேன்.

ஆக, அந்த ஆறு பேருல ஒருத்தன் துரோகி. கணக்கு அவ்வளவுதானுங்க. வேற எப்படி வரும்? எவன்னு ரோசனை பண்ணினேன். நாச்சிமுத்து என் மூஞ்சியைப் பாக்காம செருப்பைத் தேடீட்டு இருந்தான். அப்பவே தெரிஞ்சு போச்சு. ஓட்டல் படிக்கட்டுல, அத்தனை பேருக்கு முன்னால அவனைப் பிடிச்சேன். என்ர இட்லியைத் தின்னுட்டு எனக்கே கழுத்தறுத்தியாடான்னேன். இன்னும் என்னென்னமோ சொன்னேன், அவன் சம்சாரம் செத்தப்ப நான் கூட நின்னதெல்லாம் சொல்லிக் காட்டினேன். அதைச் சொல்லியிருக்கப்படாதுதான். அவன் கோவப்படவே இல்லை. அப்பறம், “சென்னி, ஊட்டுக்குப் போயி ஊட்டுல கேளு”ன்னான். அவ்வளவுதான் சொன்னான். கார்ல ஏறிப் போயிட்டான். என்னையும் கூட்டீட்டு வந்த காருங்க அது. அதனாலதான் பஸ்ஸு.

ஊட்டுல கேளுன்னா என்ன அர்த்தம்? திமிரு. ஊட்டுல போய் அழுவுன்னு சொல்றான்.

பருவதம் அந்தப் பொம்பளைங்களோட வேன்லயே போயிட்டா. எனக்கு அதுல சந்தோசம்தான். வழியில என்ன பேசறாங்கன்னு கேட்டு வெச்சுக்குவா.

ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி. பதவி போனாப் போகுது. பதவியை வெச்சுட்டு அவளுக என்ன பண்ணுவாளுங்க? தார் ரோட்டுலயா வழுக்குவாளுங்க? அடுத்த மாசம் திரும்பியும் வடக்க போட்டி இருக்குது. இந்தத் தடவை நேரா ஓடிப் பழகறமுன்னு ராத்திரி பகலா ஆடீட்டு இருக்கறாளுங்க. மெஷினை நிறுத்தினா ரெண்டு நாள்ல அத்தனையும் தண்ணி. இப்பவே நிறுத்தச் சொல்றேன், பாருங்க. ஊட்டுக்குப் போற வரைக்கும் கூடப் பொறுக்க மாட்டேன். சித்த இருங்க, போன் போட்டுக்கறேன்.

மயில்சாமி. ஆமா, நான்தான். அந்த ஐஸ் ரூம் மெஷினை நிறுத்து. இப்பவே. என்னது? யாரைக் கேக்கோணும்? நான் சொல்றேன்டா. குடு. போனை அவகிட்டக் குடு.

பருவதம்தான் இருக்கறாளாமுங்க. வேன் நேரா கோடவுனுக்கே வந்துருச்சாம்.

ஏம்மிணி, என்ன நடக்குது அங்க? என்ன சத்தம் அது? மெஷினை நிறுத்தச் சொன்னா அவன் உன்னைக் கேக்கோணுங்கறான். ம். ம். சத்தமாப் பேசு, பஸ்ஸுல கேக்கலை. என்ன, நீ சொன்னியா? நீ யாரு சொல்றதுக்கு, அது எவன் கோடவுனு?

...

ம்.

வெச்சுட்டாளுங்க. இல்லை, நான்தான் வெச்சேன். கை பட்டு நின்னு போச்சு.

நீங்க கேட்டிருப்பீங்க, பக்கத்துலதானே உக்காந்திருக்கறீங்க. ஸ்பீக்கர் சத்தமா வருது இந்தப் போனுல. கோடவுன் என் பேர்லதானுங்களே இருக்குதுன்னு கேக்கறா. கோவமாக் கூடக் கேக்கலைங்க. ஊட்டுச் சாவி எங்க இருக்குதுன்னு சொல்ற மாதிரிச் சொல்றா. ஆமாமுங்க, அவ பேர்லதான் இருக்குது. கடன்காரங்க தொந்தரவு வரப்படாதுன்னு, ஆரம்பத்துலயே அவ பேர்ல எழுதி வெச்சது. பேருக்குத்தான். நம்ம பக்கத்துல எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. எழுதினா அவளுது ஆயிருமா? ஐஸ்கிரீம்காரங்களை அவளே கூப்பிட்டு ரூமு இல்லைன்னு சொல்லிட்டாளாம். செவுத்தை இடிக்கறதுக்குக் கொத்தனாரையும் பாத்துட்டாளாம்.

அதுகூடப் பரவால்லைங்க. அடுத்ததா ஒண்ணு சொன்னா பாருங்க. “நாச்சிமுத்தண்ணனை ஏனுங்க அத்தனை பேருக்கு முன்னால பேசினீங்க? அவரு உங்களுக்குத்தான் போட்டாரு. ஏழு பேருமே உங்களுக்குத்தான் போட்டாங்க.”

அப்படின்னா என்னங்க அர்த்தம்? நீங்க படிச்சவரு, நீங்க சொல்லுங்க. வேண்டாம், சொல்லாதீங்க. எனக்கும் எண்ணத் தெரியும்.

நானும் கேட்டேன், என்னையா நீ எதுத்துப் போட்டேன்னு. அவ சொல்றா, உங்களை எதுத்து ஒண்ணும் போடலைங்க, ஐஸுக்குத்தான் போட்டேன்னு. முப்பது வருசம் புருசன் நானு. ஐஸு வந்து நாலு வருசம் ஆகலை. நாச்சிமுத்துவை வேற அந்தப் பேச்சுப் பேசிட்டேன். அவன் தெரிஞ்சும் சொல்லாமப் போயிருக்கறான் பாருங்க. அவனுக்கு யாரு சொன்னா? ஊருக்கே தெரிஞ்சிருக்குது போல, எனக்குத்தான் ஒருத்தனும் சொல்லலை.

அப்பறம் இன்னொண்ணும் சொன்னா. டக்குனு சொல்லுங்க, எல்லாரும் காத்துட்டு இருக்கறாங்க, நான் உள்ள போகோணும்னா. எங்கன்னு கேட்டேன். ஆட்டத்துக்குன்னா. நீ எப்ப ஆடினேன்னு கேட்டேன். பின்னால எவளோ பருவதக்கா வாங்கன்னு கூப்பிடறா. அப்பச் சொன்னா, அந்த ஒரு கோலு நான் போட்டதுதானுங்க, நீங்க கேக்கவே இல்லைன்னு.

ஐம்பது வயசுங்க அவளுக்கு. முட்டி வலிக்குதுன்னு ஊட்டுல தைலம் தேச்சுட்டு இருப்பா. நான் என்னமோ வயசாயிருச்சுன்னு நெனச்சேன்.

அவினாசியா? இந்தா, எறங்கோணும், எறங்கோணும். அந்தப் பையை எடுத்துக் குடுங்க தம்பி. நேரா கோடவுனுக்குத்தான் போறேன். விட்டுருவனா? கதவைத் தொறந்து உள்ள போய் ரெண்டுல ஒண்ணு கேக்காம விட மாட்டேன். என்ர சங்கமுன்னு சொல்ல முடியாது. என்ர கோடவுன்னும் சொல்ல முடியாது. என்ர பொண்டாட்டியைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேக்கலாமல்லங்க, அதை எவன் தடுப்பான்? ஆனா அங்க அத்தனை பேரும் தலைல ஹெல்மெட் மாட்டி, மூஞ்சிக்குக் கம்பி போட்டு, ஒரே மாதிரி சட்டையில சுத்தீட்டு இருப்பாளுங்க. ஒரு நாளாச்சும் நான் உள்ள நின்னு பாத்திருக்கோணும். அதுல எது பருவதமுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?